டேப்பில் இல்லாத 189/500: தசமத்தைப் பின்னமாக்குவது எப்படி?

கேள்வி: வணக்கம் சார். குடியாத்தம் பக்கத்தில் என் மாமாவின் மரவேலைப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். பெங்களூரு பார்ட்டிகள் அனுப்பும் டிராயிங் எல்லாம் மில்லிமீட்டரில் வருகிறது. மாமாவுக்கும் ஆசாரிகளுக்கும் இஞ்ச், நூல் (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு)தான் பழக்கம். 416 மில்லிமீட்டரைப் போனில் 25.4-ஆல் வகுத்து 16.378 என்று சொன்னால், “பாயின்ட் கதையெல்லாம் எங்கிட்ட வேணாம்டா, எத்தினி இஞ்ச், எத்தினி நூல், அத்தச் சொல்லு” என்கிறார் மாமா. தசமத்தைப் பின்னமாக்கும் ஆப் ஒன்றில் போட்டேன். 16-ம் 189/500-ம் என்று காட்டியது. டேப்பில் 500-ல் 189-ஐ எங்கே தேடுவது?

இதற்கு நடுவில் ஒன்பதாவது படிக்கும் அக்கா மகள் பரீட்சைத் தாளோடு வந்தாள். 0.375-க்கு 75/200 என்று எழுதி அரை மார்க் போயிருக்கிறது. 0.333…-க்கு 333/1000 என்று எழுதி முழு மார்க்கும் போயிருக்கிறது. “மேலே நம்பர், கீழே ஆயிரம், இதில் என்ன தப்பு மாமா?” என்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தசமத்தைப் பின்னமாக மாற்ற ஒரே ஒரு சரியான வழி என்று ஏதாவது இருக்கிறதா?

பதில்: தம்பி, வேலூர்ப் பக்கம் ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் பணிமனைக் கணக்கு சொல்லித் தருகிறவன் நான். ஃபிட்டர், டர்னர், கார்பென்டர் என்று எந்தப் பிரிவுப் பையன் வந்தாலும் இந்த இடத்தில்தான் முதலில் தடுமாறுவான். உங்கள் கடிதத்தில் பட்டறையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே வந்துவிட்டதால் இரண்டையும் ஒன்றாகவே பேசிவிடலாம்.

நீங்கள் அனுப்பியிருக்கும் எண்கள் மூன்று: 0.375, 0.333…, 16.378. பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் 0.375 முடிந்துபோன எண். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. 0.333… என்றைக்கும் முடியாத எண், மூன்று வந்துகொண்டே இருக்கும். 16.378 நீங்கள் பாதியில் வெட்டிய எண். 416-ஐ 25.4-ஆல் வகுத்தால் 16.37795… என்று போகும், அதை மூன்று இலக்கத்தோடு நிறுத்தி 16.378 ஆக்கிவிட்டீர்கள். ஆகவே பின்னமாக மாற்றுவதற்கு முன்னால் ‘இந்தத் தசமம் எங்கிருந்து வந்தது?’ என்று கேளுங்கள். முடிந்ததா, முடியாததா, வெட்டியதா? அதைப் பொறுத்துத்தான் வழி. ஒரே வழியை மூன்றுக்கும் போட்டதால்தான் அக்கா மகளுக்கு மார்க்கும் போனது, உங்களுக்கு 189/500-ம் வந்தது.

முதலில் முடிந்த எண். 0.375-ல் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம், அதனால் 375/1000. இதுவரை எல்லோரும் போட்டுவிடுவார்கள். அடுத்து மேலேயும் கீழேயும் அடிக்க வேண்டும். 5-ஆல் அடித்தால் 75/200. அக்கா மகள் இங்கேதான் நின்றுவிட்டாள். மதிப்பு தப்பு இல்லை, 75/200-ம் 0.375-தான். ஆனால் ‘எளிய வடிவில் தருக’ என்று கேட்டிருந்தால் இன்னும் போக வேண்டும். மறுபடி 5-ஆல் 15/40, மறுபடி 5-ஆல் 3/8. இனி அடிக்க முடியாது.

‘இனி அடிக்க முடியாது’ என்று எப்படித் தெரியும்? குழந்தைகள் பயப்படுவது இதற்குத்தான். 3-ஆல் போகுமா, 7-ஆல் போகுமா, 13-ஆல் போகுமா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அலுத்துப்போவார்கள். அந்த வேலையே வேண்டாம். கீழே இருப்பது 10, 100, 1000 இவற்றில் ஒன்று. 10 என்பது 2 × 5. நூறு, ஆயிரம் எல்லாம் வெறும் 2-களும் 5-களும் சேர்ந்த பெருக்கல். கீழே 3-ம் இல்லை, 7-ம் இல்லை. இல்லாத எண்ணால் அடிக்க முடியாது. ஆகவே முடிந்த தசமத்தைச் சுருக்கும்போது 2, 5 இரண்டைத் தவிர வேறு எதையும் நினைக்கவே வேண்டாம். கீழே 2 மிச்சம் இருக்கும்போது மேல் எண் ஒற்றைப்படையாகவும், கீழே 5 மிச்சம் இருக்கும்போது மேல் எண் 0-விலோ 5-லோ முடியாமலும் இருந்தால் கதை முடிந்தது. 3/8-ல் கீழே இருப்பது 2-கள் மட்டும், மேலே 3 ஒற்றைப்படை. அவ்வளவுதான்.

இதையே இன்னும் சுலபமாக, அடித்தல் என்ற வேலையே இல்லாமல் செய்யலாம். என் வகுப்பில் நான் விரும்பிச் சொல்லித் தருவது இந்த வழியைத்தான். தசமத்தின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். அது 5 என்றால் 2-ஆல் பெருக்குங்கள். இரட்டைப்படை என்றால் 5-ஆல் பெருக்குங்கள். 1, 3, 7, 9 என்றால் 10-ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு தடவையும் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம் குறையும். முழு எண் வந்ததும் நிறுத்துங்கள். அந்த முழு எண் மேலே, நீங்கள் பெருக்கிய எண்களின் பெருக்கல் கீழே.

0.375-ஐ எடுங்கள். கடைசியில் 5, இரட்டித்தால் 0.75. மறுபடி 5, இரட்டித்தால் 1.5. மறுபடி இரட்டித்தால் 3. மூன்று தடவை இரட்டித்தோம், அதாவது 8. விடை 3/8. 0.36-ஐ எடுங்கள். கடைசியில் 6, ஐந்தால் பெருக்க 1.8. கடைசியில் 8, ஐந்தால் பெருக்க 9. இரண்டு ஐந்து, அதாவது 25. விடை 9/25. 0.35 என்றால் முதலில் இரட்டிக்க 0.7, பிறகு பத்தால் பெருக்க 7. கீழே 20, விடை 7/20. வருகிற பின்னம் எப்போதும் எளிய வடிவிலேயே இருக்கும், ஏனென்றால் தேவையில்லாத 2-ஐயோ 5-ஐயோ நீங்கள் கீழே சேர்க்கவே இல்லை. ஒன்றே ஒன்று, 0.50, 0.360 என்று கடைசியில் பூஜ்யம் இருந்தால் முதலில் அதை எடுத்துவிட வேண்டும்.

அக்கா மகள் பரீட்சையில் 375/1000 என்று எழுதி, மீப்பெரு பொதுக் காரணி 125 என்று காட்டி, 3/8 என்று முடிக்கட்டும். ஆசிரியர் படி பார்த்துத்தான் மார்க் போடுவார். இரட்டிக்கும் வழியை ஓரத்தில் போட்டு விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

நம் பழைய கணக்கில் அடிக்கடி வந்த பின்னங்களும் இதே 2, 5 குடும்பம்தான். கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் போகிறவை 1/4, 1/8, 1/16. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எண்சுவடி என்ற பழைய வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த காலத்தில் பிள்ளைகள் இவற்றை வைத்து வாயாலேயே கணக்குப் போட்டார்கள். 320-ஐ உடைத்தால் ஆறு 2-ம் ஒரு 5-ம் மட்டும்தான். அதனால் முந்திரியைத் தசமமாக எழுதினால் 0.003125 என்று மிச்சமில்லாமல் முடிந்துவிடும். மேலே சொன்ன வழியில் திருப்பிப் பாருங்கள்: 0.00625, 0.0125, 0.025, 0.05, 0.1, கடைசியில் பத்தால் பெருக்க 1. ஐந்து இரட்டிப்பு 32, பத்தோடு பெருக்க 320. உங்கள் மாமா சொல்லும் நூலும் இதே வகைதான். இஞ்சில் எட்டில் ஒன்று, 0.125.

சரி, முடியாத எண்ணுக்கு வருவோம். 333/1000 என்பது 0.333, அதோடு நின்றுபோனது. கேள்வியில் இருந்ததோ 0.333… என்று புள்ளி வைத்த எண். இரண்டுக்கும் வித்தியாசம் மூவாயிரத்தில் ஒன்று. சின்ன வித்தியாசம்தான், ஆனால் இரண்டும் வேறு வேறு எண்கள். எத்தனை மூன்று எழுதினாலும் கீழே அத்தனை பூஜ்யம் வருமே தவிர, 1/3 வராது. பத்து, நூறு, ஆயிரம் எதிலும் 3 என்ற காரணி இல்லை என்று இப்போதுதானே பார்த்தோம்.

இதற்கு வழி, வாலை வெட்டிவிடுவது. x = 0.333… என்று வையுங்கள். பத்தால் பெருக்கினால் 10x = 3.333… இரண்டிலும் புள்ளிக்குப் பின் அதே வால் இருக்கிறது. கழித்தால் வால் காணாமல் போய்விடும். 9x = 3, x = 3/9 = 1/3. இரண்டு இலக்கம் சுழன்றால் நூறால் பெருக்க வேண்டும். 0.272727… என்றால் 100x − x = 27, அதாவது 27/99. இங்கே கீழே 9, 99, 999 என்று வருவதால் 3, 11, 37 போன்ற காரணிகளும் இருக்கும். அதனால் முன்னே சொன்ன ‘2, 5 மட்டும் போதும்’ என்ற சலுகை இங்கே கிடையாது. 27-க்கும் 99-க்கும் 9 பொது, அடித்தால் 3/11.

ஏன் சுழல்கிறது என்பதையும் அவளுக்குக் காட்டுங்கள், பாட்டனுக்குப் பாட்டன் காலத்து நீள வகுத்தலே போதும். 1-ஐ 7-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 10-ல் 7 போனால் மீதி 3. 30-ல் 28 போனால் மீதி 2. 20-ல் மீதி 6, 60-ல் மீதி 4, 40-ல் மீதி 5, 50-ல் மீதி 1. மறுபடி 1 வந்துவிட்டது, இனி முதலில் இருந்து அதே கதை. 7-ஆல் வகுத்தால் மீதி 1 முதல் 6 வரைதான் வர முடியும். ஆறு மீதியும் வந்து தீர்ந்தபின் பழையது திரும்பித்தான் ஆக வேண்டும். அதனால்தான் 0.142857 142857… என்று ஆறு இலக்கம் சுழல்கிறது. இதை ஒரு தடவை தன் கையால் போட்டுப் பார்த்த பிள்ளை, சுழல் தசமத்தைப் பார்த்து அதன்பின் பயப்படாது.

சில எண்களில் முதலில் கொஞ்சம் சும்மா வந்து, பிறகு சுழலும். இதற்கு உதாரணம் வீட்டிலேயே இருக்கிறது, நகையில் குத்தியிருக்கும் 916. இதை ஆயிரத்துக்கு 916 என்று எடுத்து ஆப்பில் போட்டால் 229/250 என்று வரும். கணக்குப்படி சரி. ஆனால் 229/250 என்று எந்தப் பத்தரும் பேசமாட்டார். 916 எங்கிருந்து வந்தது? 22 கேரட், அதாவது 24-ல் 22 பங்கு. 22-ஐ 24-ஆல் வகுத்தால் 0.91666… என்று போகும். முதல் மூன்று இலக்கத்தை வைத்துக்கொண்டு 916 என்கிறார்கள். இப்போது முழு எண்ணையும் பின்னமாக்குவோம். x = 0.91666… என்றால் 1000x = 916.666…, 100x = 91.666… கழித்தால் 900x = 825. அடித்தால் 11/12. பன்னிரண்டு கிராம் நகையில் பதினொரு கிராம் தங்கம் என்று ஒரு வரியில் புரிந்துவிடும்.

18 கேரட்டுக்குக் குத்தும் 750-க்கு இந்தச் சிக்கல் இல்லை. 18/24 என்பது 3/4, 0.75 என்று முடிந்த எண். 14 கேரட் இன்னொரு மாதிரி. 14/24 என்றால் 7/12, 0.58333… ஆனால் முத்திரையில் இருப்பது 585. அது 7/12-ஐ வெட்டிய எண் அல்ல, கொஞ்சம் கூட்டி வைத்த தர அளவு. ஆக 750-ஐ அப்படியே பின்னமாக்கலாம், 916-ஐ அப்படியே பின்னமாக்கினால் அசல் பங்கு கிடைக்காது, 585-ஐ 7/12 என்று திருத்தவும் கூடாது. மூன்றும் மூன்று இலக்க எண்கள்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் தொட்டால் தப்பு வரும்.

இனி உங்கள் பட்டறைக்கு வருகிறேன். உங்களுக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இங்கேதான் இருக்கிறது.

ஓர் இஞ்ச் என்பது சரியாக 25.4 மில்லிமீட்டர், 1959-ல் சர்வதேச அளவில் ஒப்புக்கொண்ட அளவு. ஆக 416 மில்லிமீட்டர் என்பது துல்லியமாக 4160/254 இஞ்ச், சுருக்கினால் 2080/127, அதாவது 16-ம் 48/127-ம். பாருங்கள், ஆப் சொன்ன 189/500 அசல் பின்னம்கூட இல்லை. நீங்கள் வெட்டிக் கொடுத்த 0.378-ஐ அது விசுவாசமாக மாற்றிக் கொடுத்தது, அவ்வளவுதான். சரி, 48/127 என்ற அசல் விடையால் மட்டும் என்ன பயன்? 127 கோடு போட்ட டேப் எங்கே இருக்கிறது?

வெட்டிய எண்ணை எளிய வடிவத்துக்குக் கொண்டுபோவதே வீண் வேலை. அதற்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ‘இதில் எத்தனை எட்டில் ஒன்று இருக்கிறது?’ எத்தனை நூல் என்று கேட்பதும் அதுதான். அதற்குப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் 8-ஆல் பெருக்குங்கள். 0.378 × 8 = 3.024. மூன்று நூல். மாமாவிடம் “16 இஞ்ச் 3 நூல்” என்று சொல்லுங்கள், கேள்வி கேட்காமல் கோடு போடுவார். மிச்சம் இருக்கும் 0.024 நூல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, பென்சில் கோட்டின் தடிமனுக்குள் அடங்கிவிடும்.

பெருக்கி வருவது 5.48 மாதிரி நடுவில் நின்றால் ‘அஞ்சரை நூல்’ என்று சொல்லுங்கள், 11/16. அதற்கும் மேல் துல்லியம் வேண்டுமென்றால் 8-க்குப் பதில் 16-ஆலோ 32-ஆலோ பெருக்கலாம். கீழ் எண்ணை இங்கே நாம் கண்டுபிடிப்பதில்லை, தொழில் நமக்குக் கொடுக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் பதப்படுத்திய தோலைச் சதுர அடியில் அளந்து கால் அடிக் கணக்கில் குறிக்கும் பழக்கம் உண்டு. அங்கே 6.7 சதுர அடி வந்தால் 0.7-ஐ 4-ஆல் பெருக்கி 2.8 என்று பார்த்து, மூன்று கால் என்று எடுத்து ஆறே முக்கால் என்பார்கள். உங்களுக்கு எட்டு, அவர்களுக்கு நாலு. அடியில் வந்த தசமத்தை இஞ்ச் ஆக்க வேண்டும் என்றால் பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டில்தான் நம் ஊரில் பெரிய விபத்து நடக்கிறது. பத்தடி ஆறு இஞ்சை 10.6 என்று எழுதும் பழக்கம் பலருக்கும் இருக்கிறது. சீட்டில் எழுதி ஆளுக்கு ஆள் படித்துக்கொள்ளும்வரை பரவாயில்லை. அதையே கால்குலேட்டரில் தட்டினால் போச்சு. 10.6 அடி என்றால் பத்தடி 7.2 இஞ்ச். பத்தடி ஆறு இஞ்ச் என்பது பத்தரை அடி, 10.5. மரம் கன அடிக் கணக்கில் வாங்கும் உங்களுக்கு இது பணம். பத்தடி ஆறு இஞ்ச் நீளம், ஒன்பது இஞ்ச் அகலம், மூன்று இஞ்ச் கனம் உள்ள ஒரு தேக்குக் கட்டையைப் பாருங்கள். பின்னத்தில் போட்டால் 21/2 × 3/4 × 1/4 = 63/32. இரண்டு கன அடிக்கு ஒரு 1/32 குறைவு. தசமத்தில் 10.5 × 0.75 × 0.25, அதே 1.96875. யாராவது 10.6 × 0.9 × 0.3 என்று தட்டினால் 2.862 வரும். ஒரே கட்டைக்கு முக்கால் கன அடிக்கும் மேல் கூடுதல் பணம் கொடுத்துவிட்டு வருவீர்கள். இஞ்ச் வந்தால் முதலில் 12-ஆல் வகுத்துப் பின்னமாக எழுதுங்கள், 6/12 அரை, 9/12 முக்கால், 3/12 கால். அப்புறம் கால்குலேட்டரைத் தொடுங்கள்.

இன்னொரு விஷயம், வெட்டிய எண்களைக் கூட்டும்போது. ஒரு அலமாரியில் 382 மில்லிமீட்டர் வீதம் ஐந்து அறை என்று டிராயிங் வந்தது என்று வையுங்கள். 382 என்பது 15.039 இஞ்ச். 0.039 × 8 = 0.3, ஒரு நூல்கூட வரவில்லை, அதனால் 15 இஞ்ச் என்று எடுப்பீர்கள். தனி அறைக்கு அது ஒரு மில்லிமீட்டர் குறைவு, யாருக்கும் தெரியாது. ஆனால் ஐந்தையும் சேர்த்து 75 இஞ்ச் என்று பலகை அறுத்தால் 1905 மில்லிமீட்டர். வேண்டியது 1910. ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி கண்ணில் அடிக்கும். அதனால் கூட்ட வேண்டியதை மில்லிமீட்டரிலேயே கூட்டிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு தடவை மாற்றுங்கள். 1910-ஐ 25.4-ஆல் வகுத்தால் 75.197. 0.197 × 8 = 1.576. ஆக 75 இஞ்ச் ஒன்றரை நூல்.

பிளைவுட்டிலும் கவனம். 18 மில்லிமீட்டர் பலகையைப் பட்டறையில் முக்கால் இஞ்ச் என்று சொல்லிவிடுகிறோம், கம்பி கட்டுகிறவர்கள் 10 மில்லிமீட்டர் கம்பியை மூணு நூல் என்பதுபோல. பேச்சுக்குச் சரி. ஆனால் அசல் முக்கால் இஞ்ச் 19.05 மில்லிமீட்டர். முக்கால் இஞ்சுக்குக் காடி (பலகை செருகும் பள்ளம்) எடுத்து 18 மில்லிமீட்டர் பலகையைச் செருகினால் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஆடும். காடிக்கு மட்டும் கையில் இருக்கும் பலகையையே வைத்துக் குறியுங்கள், எந்த எண்ணும் வேண்டாம்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், டிராயிங் மில்லிமீட்டரில் வரும் வேலைக்கு மில்லிமீட்டரிலேயே அளப்பதுதான் நல்லது. இரண்டு பக்கமும் கோடு உள்ள டேப் கடையில் கிடைக்கிறது. மாமாவோடு பேசுவதற்கு மட்டும் நூலுக்கு மாற்றுங்கள். அவருக்கு எட்டில் மூன்று என்பது கையில் ஊறிய அளவு. அதைத் தசமத்துக்கு மாற்றச் சொல்லி அவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம், மாற்றும் வேலை படித்த உங்களுடையது. அடிக்கடி வரும் ஏழு எண்கள் மட்டும் உங்களுக்கு மனதில் இருந்தால் போனைத் தொட வேண்டியிருக்காது. ஒரு நூல் 0.125, இரண்டு 0.25, மூன்று 0.375, நாலு 0.5, ஐந்து 0.625, ஆறு 0.75, ஏழு 0.875. இவை எல்லாமே முடிந்த எண்கள்.

அக்கா மகளுக்கு மூன்று கணக்கு கொடுத்துவிட்டு முடிக்கிறேன். 0.085, 0.4545…, 0.2666… என்ற மூன்றையும் எளிய பின்னமாக மாற்றச் சொல்லுங்கள். முதல் கணக்கைத் தொடுவதற்கு முன் எது முடிந்த எண், எது முதலில் இருந்தே சுழல்கிறது, எது நடுவில் இருந்து சுழல்கிறது என்று அவள் வாயால் சொல்லட்டும். விடைகள் 17/200, 5/11, 4/15. மூன்றாவதில் 24/90 என்று நிறுத்தினால் ‘6-ஆல் அடி’ என்று சொல்லிவிடாதீர்கள். மேலே கீழே இரண்டும் இரட்டைப்படையா, இலக்கங்களைக் கூட்டினால் 3-ஆல் வகுபடுகிறதா என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவளே அடித்துவிடுவாள்.